மேலும் கீழும் எதை அடிக்கலாம்? இயற்கணிதப் பின்னங்களைச் சுருக்கப் பழகுவோர்க்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி போன வாரம் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். அவள் வீட்டில் மாந்தோப்பு உண்டு. அதனால் தோப்பை வைத்தே கணக்கு கொடுத்திருந்தேன். சதுரமான தோப்பு. மொத்தம் க வரிசை, வரிசைக்கு க மரம். பக்கத்து நிலத்தையும் வாங்கி, அதே நீளத்தில் இன்னும் 7 வரிசை பெங்களூரா ரக மாங்கன்று நட்டாயிற்று. இப்போது மரங்கள் க² + 7க. வரிசைகள் க + 7. ஒரு வரிசைக்கு எத்தனை மரம்?

மரங்களை வரிசைகளால் வகுக்க வேண்டும்: (க² + 7க) / (க + 7).

அவள் நோட்டில் நீல மையில் இரண்டு சாய்ந்த கோடுகள். மேலே இருக்கும் க²-ஐக் கீழே இருக்கும் க-வோடு அடித்து, மிச்சம் க. மேலே இருக்கும் 7க-வைக் கீழே இருக்கும் 7-ஓடு அடித்து, மிச்சம் இன்னொரு க. இரண்டையும் கூட்டி விடை 2க.

"வரிசைக்கு 10 மரம் இருந்த தோப்பில் பக்கத்தில் 7 வரிசை வைத்தால், வரிசைக்கு 20 மரம் ஆகிவிடுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "இல்லை சார், பத்துதான் இருக்கும். வரிசையைத்தானே கூட்டினோம், மரத்தைக் கூட்டலையே" என்றாள். அவளுக்குத் தோப்பு தெரியும். 10 போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகிறது: மேலே 100 + 70 = 170, கீழே 17. 170 / 17 = 10. சரியான விடை க.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நீலக் கோடுகளைப் பற்றியது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிப்பவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்களுக்கும், பல வருஷம் கழித்துப் போட்டித் தேர்வுக்காகக் கணக்கைத் திரும்பத் தொடுகிறவர்களுக்கும் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது இதே தப்பைச் செய்து மதிப்பெண் இழந்திருக்கிறேன். "அப்படி அடிக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள். ஏன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த "ஏன்" புரிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

ஒரு சின்ன ஏற்பாடு. பாடப்புத்தகத்தில் மாறிகள் எக்ஸ், ஒய் என்று இருக்கும். இங்கே க, ப என்று எழுதுகிறேன். எழுத்து எதுவானாலும் வேலை ஒன்றுதான். பின்னத்தின் கிடைக்கோட்டுக்குப் பதிலாக / என்ற சாய்கோடு போடுகிறேன். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவை உள்ள இப்படிப்பட்ட பின்னத்தைப் பத்தாம் வகுப்புப் புத்தகம் விகிதமுறு கோவை என்கிறது. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முதலில் வெறும் எண்கள்

36/48 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னால் எல்லோரும் 3/4 என்று சொல்லிவிடுவோம். உள்ளே என்ன நடக்கிறது? 36 என்பது 12 × 3. 48 என்பது 12 × 4. மேலும் கீழும் 12 பெருக்கலில் நிற்கிறது. 12/12 என்றால் 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது, ஆகவே அதை எழுதாமல் விடலாம். நாம் "அடிப்பது" என்று சொல்வது இவ்வளவுதான். காகிதத்தில் ஒரு எண்ணை அழிப்பதாகத் தோன்றினாலும், நிஜத்தில் பெருக்கலில் இருக்கும் ஒரு 1-ஐ எழுதாமல் விடுகிறோம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மாகாணி என்றால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பழைய தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, 1/20. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, 1/80. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20-ஐ 4/80 என்று மாற்றிக்கொண்டு 1/80-ஐக் கூட்டினால் (4 + 1)/80, அதாவது 5/80. இப்போது 5 = 5 × 1, 80 = 5 × 16. ஐந்தை அடித்தால் 1/16. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று அவர்கள் வாய்ப்பாடாகச் சொன்னது இந்தச் சுருக்கத்தைத்தான்.

இங்கேயே நம் தப்பையும் செய்து பார்க்கலாம். (4 + 1)/80 என்று இருக்கும்போதே அவசரப்பட்டு 4-ஐ மட்டும் 80-ஓடு அடித்தால் என்ன ஆகும்? மேலே 1 + 1, கீழே 20. விடை 2/20, அதாவது 1/10. மாகாணி பத்தில் ஒன்றாகிவிட்டது. யாருக்காவது நிலத்தை இந்தக் கணக்கில் பிரித்துக் கொடுத்திருந்தால் சண்டை வந்திருக்கும். கூட்டி முடித்து 5 ஆன பிறகு அடித்தால் சரி, கூட்டலின் நடுவில் இருக்கும் 4-ஐ அடித்தால் தப்பு. எழுத்துகள் வந்ததும் இது மறந்து போகிறது. காரணம், 4 + 1 உடனே 5 ஆகிவிடும், க + 7 அப்படி ஒன்றாகச் சேராது, பிரிந்தே நிற்கும். பிரிந்து நிற்பதைப் பார்த்ததும் கை பேனாவை எடுத்துவிடுகிறது.

உறுப்பா, காரணியா

கூட்டல் கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்பவை உறுப்புகள். பெருக்கலில் சேர்ந்து நிற்பவை காரணிகள். க + 7 என்பதில் க ஒரு உறுப்பு, 7 ஒரு உறுப்பு. 7க என்பதில் 7 ஒரு காரணி, க ஒரு காரணி. க(க + 7) என்பதில் க ஒரு காரணி, (க + 7) முழுசாக இன்னொரு காரணி.

காரணியை அடிக்கலாம். உறுப்பை அடிக்கக் கூடாது.

(க + 7) என்பதை வாய் கட்டிய மூட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அதே மூட்டை, கீழே அதே மூட்டை என்றால் மூட்டையோடு அடிக்கலாம். மூட்டையை அவிழ்த்து உள்ளே இருக்கும் 7-ஐ மட்டும் உருவ முடியாது. ஏன் என்று எண்ணில் பார்ப்போம். (6 + 8)/2 என்பது 14/2 = 7. இரண்டு பேருக்குப் பிரிக்கிறோம் என்றால் 6-ஐயும் பிரிக்க வேண்டும், 8-ஐயும் பிரிக்க வேண்டும்: 3 + 4 = 7. ஆறை மட்டும் பிரித்துவிட்டு எட்டை அப்படியே விட்டால் 3 + 8 = 11 வரும். கூட்டலில் இருக்கும் ஒன்றை மட்டும் அடிப்பது, ஒரு கூடையைப் பங்கு போட்டுவிட்டு அடுத்த கூடையை மறந்துவிடுவது மாதிரி.

பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் அடிக்கப் போவதற்கும் அதன் பக்கத்தில் இருப்பதற்கும் நடுவில் என்ன குறி? கூட்டலோ கழித்தலோ இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். மூட்டையை முழுசாக அடிக்கும்போது மட்டும் அதற்குள் இருக்கும் குறியைப் பார்க்க வேண்டாம், மூட்டைக்கு வெளியே இருக்கும் குறியைப் பாருங்கள். என் வகுப்பில் முதல் இரண்டு நாள் இந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். மூன்றாவது நாள் தானாக வந்துவிடும்.

சரி, இனி படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: அடைப்புக்குறி போடுங்கள்

தொகுதி முழுவதற்கும் ஒரு அடைப்பு, பகுதி முழுவதற்கும் ஒரு அடைப்பு. புத்தகத்தில் கிடைக்கோடு போட்டிருப்பதால் அடைப்பு இருக்காது. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மேலே இருப்பது ஒரு மூட்டை, கீழே இருப்பது ஒரு மூட்டை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதற்கு மேல் இந்தப் படியில் வேலை இல்லை.

இரண்டாம் படி: காரணிப்படுத்துங்கள்

நேரம் முழுக்க இங்கேதான் போகும், போகவும் வேண்டும். நம் பக்கம் புளி தட்டும் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஓட்டோடு இருக்கும் புளியில் கொட்டையை எடுக்க முடியுமா? முதலில் ஓட்டை உடைக்க வேண்டும், நாரை உரிக்க வேண்டும், அப்புறம்தான் கொட்டை. க² + 7க என்பது ஓட்டோடு இருக்கும் புளி. க(க + 7) என்பது உடைத்த புளி. எதை எடுக்கலாம் என்று அப்போதுதான் தெரியும்.

உடைக்கச் சில வழிகள் உண்டு. இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

எடுத்த எடுப்பில் பொதுக் காரணியைத் தேடுங்கள். எல்லா உறுப்புகளையும் ஒரே எண்ணோ ஒரே எழுத்தோ வகுக்கிறதா? 5க + 15 என்றால் 5 பொது: 5(க + 3). 6க² − 4க என்றால் 2க பொது: 2க(3க − 2). இதை விட்டுவிட்டு நேரே பெரிய முறைகளுக்குப் போகிறவர்கள்தான் கணக்கின் நடுவில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து, இரண்டே உறுப்பு, நடுவில் கழித்தல், இரண்டும் வர்க்கம் என்றால் முற்றொருமை: க² − ப² = (க + ப)(க − ப). ஆகவே க² − 9 = (க + 3)(க − 3), 4க² − 1 = (2க + 1)(2க − 1). நடுவில் கூட்டல் இருந்தால் இது செல்லாது. க² + 9 இந்த முறையில் உடையாது, மெய்யெண்களில் எந்த முறையிலும் உடையாது. இதை உடைக்கப் பார்த்து (க + 3)(க + 3) என்று எழுதுகிறவர்கள் நிறைய. பெருக்கிப் பாருங்கள், நடுவில் 6க முளைத்திருக்கும்.

மூன்று உறுப்பு என்றால் நடு உறுப்பைப் பிரிப்பது. க² + 5க + 6 என்பதில், பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் எவை? 2, 3. ஆகவே (க + 2)(க + 3). க²-க்கு முன்னால் ஒரு எண் (கெழு) இருந்தால் ஒரு அடி கூடுதல். 2க² + 7க + 3 என்பதில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: 2 × 3 = 6. பெருக்கினால் 6, கூட்டினால் 7 வருபவை 6, 1. நடுவில் 7க-வை 6க + க என்று பிரித்து எழுதுங்கள்: 2க² + 6க + க + 3. முதல் இரண்டில் 2க பொது, அடுத்த இரண்டில் 1 பொது: 2க(க + 3) + 1(க + 3). இரண்டிலும் (க + 3) இருக்கிறது. ஆக (க + 3)(2க + 1). கடைசியில் அந்த இரண்டு அடைப்பும் ஒன்றாக வராவிட்டால் எங்கோ குறி தப்பியிருக்கிறது, முதலிலிருந்து பாருங்கள்.

காரணிப்படுத்தியதும் மனதுக்குள் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். பத்து நொடி ஆகும்.

மூன்றாம் படி: அடிப்பதற்கு முன்னால் பகுதியைப் பாருங்கள்

பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. ஆகவே பகுதியை பூஜ்ஜியம் ஆக்கும் மதிப்புகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பகுதி (க + 2)(க + 3) என்றால், க = −2 கூடாது, க = −3 கூடாது. புத்தகம் இவற்றை விலக்கப்பட்ட மதிப்பு என்கிறது. அடித்த பிறகு குறித்தால் ஒன்று காணாமல் போய்விடும், அதனால்தான் முன்னாலேயே.

ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு அடுத்த படியின் கணக்கிலேயே விடை வருகிறது.

நான்காம் படி: அடியுங்கள்

(க² − 9) / (க² + 5க + 6) என்பதை எடுத்துக்கொள்வோம். மேலே (க + 3)(க − 3). கீழே (க + 2)(க + 3). மேலும் கீழும் (க + 3) பெருக்கலில் நிற்கிறது. அடிக்கலாம். விடை (க − 3) / (க + 2).

இங்கே நிறுத்துங்கள். மேலும் கீழும் க இருக்கிறதே என்று அடுத்த கோட்டைப் போட்டு −3/2 என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். க-வுக்குப் பக்கத்தில் என்ன குறி? மேலே கழித்தல், கீழே கூட்டல். உறுப்பு. தொடக் கூடாது. (க − 3)/(க + 2) இதற்கு மேல் சுருங்காது. விடை இன்னும் நீளமாகத் தெரிகிறதே என்று சங்கடப்படவே வேண்டாம். எளிய வடிவம் என்றால் மேலும் கீழும் பொதுக் காரணி மிச்சமில்லை என்று மட்டும்தான் பொருள்.

இப்போது விலக்கப்பட்ட மதிப்புக்கு வருவோம். சுருக்கிய விடையில் க = −3 போட்டால் −6/−1 = 6 என்று ஒழுங்காக வருகிறது. முதலில் கொடுத்த பின்னத்தில் போட்டால் மேலே 0, கீழே 0. அதற்கு மதிப்பே கிடையாது. அப்படியானால் இரண்டும் ஒன்றா? −3 தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒன்று. (க + 3)/(க + 3) = 1 என்று சொன்னோமே, க + 3 பூஜ்ஜியமாக இருக்கும்போது அந்த வாக்கியம் நிற்காது. அதனால்தான் ஓரத்தில் "க = −2, −3 கூடாது" என்ற குறிப்பு விடையோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

மேலே எல்லாமே அடிபட்டுப் போனால் என்ன எழுதுவது? மாம்பழ சீசனில் கூழ் ஆலை வேலைக்குப் போய், மற்ற மாதங்களில் பத்தாம் வகுப்புக்குப் படிக்கும் ஒரு அக்கா (க + 2) / (க² + 7க + 10) என்ற கணக்கில் என்னைக் கேட்டார்: "எல்லாம் அடிச்சாச்சு சார், மேல ஒண்ணுமே இல்லையே, சைபர் போடட்டுமா?" ரொம்ப நியாயமான கேள்வி. பகுதி (க + 2)(க + 5). (க + 2)-ஐ அடித்தால் மேலே வெற்றிடம். ஆனால் (க + 2) என்பது (க + 2) × 1 தானே. நாம் எழுதாமல் விட்ட அந்த 1 அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. விடை 1/(க + 5). க = 10 போட்டுக் காட்டினேன்: 12/180 = 1/15. அதற்கப்புறம் அவர் அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் மேலே சின்னதாக ஒரு 1 எழுதிக்கொள்கிறார். நல்ல பழக்கம், எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: பத்தைப் போட்டுப் பாருங்கள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததில் ரொம்பப் பயனுள்ளது இதுதான். விடை வந்ததும் மாறிக்கு ஒரு எண் கொடுத்து, கொடுத்த பின்னத்தையும் உங்கள் விடையையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் விடை தப்பு, சந்தேகமே இல்லை.

எந்த எண்? 0, 1 வேண்டாம். 1 போட்டால் க-வும் க²-உம் ஒரே மதிப்பாகி, தப்பை மறைத்துவிடும். 0 இன்னும் மோசம். முதலில் சொன்ன தோப்புக் கணக்கில் தப்பான விடை 2க, சரியான விடை க. 0 போட்டால் இரண்டும் 0, தப்பு தப்பித்துவிடும். விலக்கப்பட்ட மதிப்புகளையும் போடக் கூடாது. எனக்குப் பிடித்தது 10. பெருக்குவது சுலபம், அதோடு உள்ளே இருக்கும் காரணியையே அது காட்டிக் கொடுக்கும்.

பாருங்கள். மேலே செய்த கணக்கில் க = 10 என்றால் க² − 9 = 91. க² + 5க + 6 = 100 + 50 + 6 = 156. பின்னம் 91/156. நம் விடை (10 − 3)/(10 + 2) = 7/12. ஒத்துப் போகிறதா? 91 = 13 × 7, 156 = 13 × 12. 13 அடிபட்டு 7/12. சரி. அந்த 13 எது? 10 + 3. நாம் அடித்த (க + 3) தான் எண் வேஷத்தில் நிற்கிறது. எழுத்தில் செய்ததும் எண்ணில் செய்ததும் ஒரே வேலை என்று இதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு நம்பிக்கை வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

இன்னொன்று. (2க² + 7க + 3) / (4க² − 1). மேலே (க + 3)(2க + 1), கீழே (2க + 1)(2க − 1). (2க + 1)-ஐ அடித்தால் (க + 3)/(2க − 1). 10 போட்டால் 273/399. நம் விடை 13/19. 273 = 21 × 13, 399 = 21 × 19. 21 என்பது 2 × 10 + 1. மறுபடியும் அதே காரணி.

ஒரு எச்சரிக்கை: ஒரு எண்ணில் ஒத்துப் போவது தற்செயலாகவும் நடக்கலாம். தேர்வில் நேரம் இருந்தால் 2 அல்லது 3 போட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

குறி திரும்பி நிற்கும்போது

இது தனியாகச் சொல்ல வேண்டிய இடம். (6 − 2க) / (க² − 9). மேலே 2 பொது: 2(3 − க). கீழே (க + 3)(க − 3). மேலே 3 − க, கீழே க − 3. ஒன்று மாதிரியே இருக்கிறது, ஆனால் ஒன்று இல்லை. 10 போட்டால் ஒன்று −7, இன்னொன்று 7. ஆகவே 3 − க = −(க − 3). மேலே −2(க − 3) என்று மாற்றிக்கொண்டு அடியுங்கள். விடை −2/(க + 3). சோதனை: (6 − 20)/91 = −14/91 = −2/13. சரி.

கழித்தலில் வரிசை மாறினால் ஒரு −1 வெளியே வரும். கூட்டலில் வராது: க + 3, 3 + க இரண்டும் ஒன்றே. −1-ஐ விட்டுவிடுவதுதான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மதிப்பெண் இழக்கும் இடம். அடைப்புக்குள் எழுத்தை எப்போதும் முதலில் எழுதும் பழக்கம் வைத்துக்கொண்டால், அந்த −1 முன்னாலேயே வெளிவந்து கண்ணில் பட்டுவிடும்.

ஒரே உறுப்பு மட்டும் இருக்கும் பின்னங்கள்

இதில் காரணிப்படுத்த ஒன்றுமில்லை, எல்லாம் ஏற்கெனவே பெருக்கலில்தான் இருக்கிறது. 12க³ப / 18கப² என்றால் எண்களைத் தனியாக, க-க்களைத் தனியாக, ப-க்களைத் தனியாகப் பாருங்கள். 12/18 = 2/3. க³/க = க², மேலே. ப/ப² = 1/ப, கீழே. விடை 2க²/(3ப). எந்தப் பக்கம் அதிகமாக இருந்ததோ மிச்சம் அந்தப் பக்கத்தில் தங்கும்.

ஆனால் (5க + 15)/(10க) மாதிரி மேலே கூட்டலும் கீழே ஒரே உறுப்பும் வந்தால் ஜாக்கிரதை. 5க-வை 10க-வோடு அடிக்கக் கை துடிக்கும். 5(க + 3)/(10க) என்று எழுதிவிட்டு 5-ஐ மட்டும் அடியுங்கள்: (க + 3)/(2க). க அடிபடாது, மேலே அது மூட்டைக்குள் இருக்கிறது. 10 போட்டால் 65/100 = 13/20, விடையும் 13/20.

பெருக்கல், வகுத்தல்

இவை வந்தால் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. பெருக்கலில் ஒரு பின்னத்தின் தொகுதிக் காரணியை அடுத்த பின்னத்தின் பகுதிக் காரணியோடும் அடிக்கலாம், எல்லாம் கடைசியில் ஒரே கோட்டுக்கு மேலும் கீழும்தான் சேரப் போகிறது. (க² − 25)/(3க) × 6க²/(க + 5): முதல் தொகுதி (க + 5)(க − 5). கீழே உள்ள (க + 5)-ஓடு அடிபடும். 6க²-ஐ 3க-வால் வகுத்தால் 2க. விடை 2க(க − 5). விரித்துப் பெருக்கிவிட்டு அப்புறம் சுருக்கலாம் என்று நினைக்காதீர்கள், உடைத்த புளியைத் திரும்ப ஓட்டுக்குள் வைக்கிற வேலை அது.

வகுத்தலில் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கலாக மாற்றுங்கள். மாற்றிய பிறகுதான் அடிக்கலாம். தலைகீழாக்கும் முன் அடித்தால் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். கூட்டல் கழித்தல் குறியால் சேர்த்த இரண்டு பின்னங்களுக்கு நடுவே குறுக்கே அடிப்பது எந்தக் காலத்திலும் கிடையாது. அங்கே பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு வேண்டும். அது வேறு பாடம்.

தேர்வுத் தாளில்

காரணிப்படுத்திய வரியைக் கட்டாயம் தனியாக எழுதுங்கள். மனதுக்குள் செய்துவிட்டு விடையை மட்டும் எழுதினால், எங்காவது குறி தப்பியிருந்தால் இடைப்பட்ட வேலைக்கு மதிப்பெண் கொடுக்கத் திருத்துபவருக்கு எதுவும் இருக்காது. அடிக்கும் கோடு மெல்லியதாக இருக்கட்டும். கீழே என்ன இருந்தது என்று உங்களுக்கே திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். அழுத்தி நாலு கோடு போட்டு, அப்புறம் எதை அடித்தோம் என்று தெரியாமல் கணக்கை முதலிலிருந்து போடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

பழக ஆறு கணக்குகள் தருகிறேன். ஒவ்வொன்றையும் நோட்டில் போட்டு, 10 வைத்துச் சோதித்த பிறகு விடையைப் பாருங்கள்.

1. 15க²ப / 25கப³
2. (4க − 20) / (க² − 25)
3. (க² + க − 12) / (க² − 6க + 9)
4. (8 − க) / (க² − 64)
5. (3க² − 5க − 2) / (9க² − 1)
6. (க² + 9) / (க + 3)

முதல் கணக்கு 3க/(5ப²). இரண்டாவதில் மேலே 4(க − 5), விடை 4/(க + 5). மூன்றாவதில் கீழே (க − 3)(க − 3) என்று இரண்டு தடவை வரும். மேலே இருப்பது ஒன்றே ஒன்று, ஆகவே கீழேயும் ஒன்றை மட்டும்தான் அடிக்கலாம்: (க + 4)/(க − 3). நான்காவதில் குறி திரும்பி நிற்கிறது: −1/(க + 8). ஐந்தாவதில் நடு உறுப்பை −6க + க என்று பிரித்தால் மேலே (3க + 1)(க − 2), விடை (க − 2)/(3க − 1).

ஆறாவதை அந்தக் காவேரிப்பட்டணத்து மாணவியிடமும் கொடுத்தேன். மேலே 9, கீழே 3, பேனா ஒரு நொடி தாளுக்கு மேலே நின்றது. "நடுவுல கூட்டல் இருக்கு சார்" என்றாள். அப்புறம் 10 போட்டாள்: 109/13. 109 பகா எண், 13-ஆல் வகுபடாது. கேள்வியில் இருந்ததை அப்படியே விடைக்கும் எழுதி, கீழே "சுருங்காது, க = −3 கூடாது" என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.